விண்ணில் ஒருவர் உதைத்தால் 420 தொன் திரும்புமா?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு நியூற்றனின் மூன்றாம் விதியைப் புத்தகம் வைத்துப் படிப்பிக்கத் தேவையில்லை. விளிம்பில் நின்று கரையை நோக்கிப் பாய்கிறோம். நாம் முன்னே போக, படகு பின்னே நழுவுகிறது. சென்ற ஆனித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியபோது நானும் அப்படித்தான் பாய்ந்தேன். "தம்பி, பாயாதேங்கோ, கயிறு இன்னும் கட்டேல்லை" என்று படகுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கால் கரையில், மற்றக் காலின் செருப்பு கடலில்.

அந்தச் செருப்புக்குப் பிறகு வருகிறேன்.

சில நாள் கழித்து மருமகன் தொலைபேசியில் நேரம் பார்த்து என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான். சர்வதேச விண்வெளி நிலையம் யாழ்ப்பாணத்துக்கு மேலாகப் போகிற மாலை அது. மினுங்காத, வெள்ளி மாதிரி ஒரு புள்ளி, மேற்கில் தோன்றிச் சில நிமிடங்களில் நிழலுக்குள் போய் மறைந்தது. செருப்புக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அவன் கேட்டான்: "மாமா, அதுக்கு வெளியால வந்து வேலை செய்யிற ஆக்கள் உதைஞ்சா, உங்கட படகு மாதிரி அதுவும் விலகாதோ?"

விலகும் என்றேன். எவ்வளவு என்று அடுத்த கேள்வி வந்தது. அப்போதுதான் பேனை எடுக்க வேண்டியிருந்தது.

நிலையத்தின் திணிவு ஏறக்குறைய 420 தொன். விண்ணுடையோடு சேர்த்து ஒரு ஆள் 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் வேகத்தில் உதைத்துக்கொண்டு போனால், நிலையம் எதிர்ப்பக்கமாகச் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றரின் ஏழில் ஒரு பங்கு வேகத்தில் நகரும். இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 400 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 27,600 கிலோமீற்றர் வேகத்தில் போகிற ஒன்றுக்கு இது தூசு.

ஆனால் விலகுவது வேறு, திரும்புவது வேறு. தலைவலி திரும்புவதில்தான் இருக்கிறது.

நிலையம் ஏறத்தாழ 92 நிமிடத்தில் பூமியை ஒரு தடவை சுற்றுகிறது. அந்த நேரமெல்லாம் அதன் அடிவயிறு பூமியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அதாவது அது சும்மா நிற்கவில்லை, நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 பாகை வீதம் மெல்லப் புரண்டுகொண்டே போகிறது. இந்தப் புரளல் பிசகினால் சூரியத் தகடுகளுக்கு வெயில் சரியாக விழாது, அன்ரெனாக்கள் தொடர்புச் செய்மதிகளைத் தவறவிடும், வெப்பத்தை வெளியே விடுகிற பலகைகள் வெயிலில் காயும், வந்து இணைய வேண்டிய விண்கலத்துக்கு வாசல் கோணலாக நிற்கும். பிசகியதைத் திருத்தச் சாய்ந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை. படகுக்குத் தண்ணீர் இருக்கிறது, சைக்கிளுக்குத் தார்றோட்டு இருக்கிறது. நிலையத்துக்கு அதன் சொந்த உடம்புதான்.

அப்படியானால் ஒரு ஆளின் உதை அதை எவ்வளவு திருப்பும்? இதற்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லோரும் மோட்டார் போட்டுவிட்டார்கள், துலாவைப் பார்ப்பதே அருமை. என் அப்பு காலத்தில் தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒருவர் கீழே பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் துலாவின் மேலேயே ஏறி முன்னும் பின்னும் நடப்பார். துலா மிதித்தல் என்று சொல்வார்கள். துலாவைத் தாங்குகிற ஆடுகாலுக்குக் கிட்ட நிற்கும்வரை துலா அசையாது. அதே ஆள் நாலு அடி தள்ளிப் போனால் மரம் சாயத் தொடங்கும். ஆளின் பாரம் மாறவில்லை, தூரம்தான் மாறியது. பாரத்தையும் தூரத்தையும் பெருக்கி வருவதைத்தான் பள்ளிக்கூடத்தில் திருப்பம் என்று படித்தோம்.

விண்வெளி நிலையத்தின் முதுகெலும்பாக இருக்கிற சட்டகம் 109 மீற்றர் நீளம். அதன் நடுவில் நின்று உதைத்தால் நிலையம் பெரிதாகத் திரும்பாது. 40 மீற்றர் தள்ளி, சூரியத் தகடுகளுக்குக் கிட்ட நின்று உதைத்தால் கதை வேறு. 200 கிலோ, செக்கனுக்கு 0.3 மீற்றர், 40 மீற்றர் தூரம். மூன்றையும் பெருக்கினால் 2,400 அலகு கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு, வருகிறது. நிலையத்தின் சடத்துவத் திருப்பம், அதாவது திரும்ப மறுக்கிற தன்மை, பத்துக்கோடி அலகு என்ற அளவில் இருப்பதால், அது செக்கனுக்கு ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் திரும்பத் தொடங்கும். சிரிப்பாக இருக்கிறதா? யாரும் தடுக்காவிட்டால் ஒரு சுற்று முடிவதற்குள் ஏழு பாகை சரிந்திருக்கும்.

நல்ல காலம், உதைத்தவர் எங்கேயும் போய்விடுவதில்லை. அவர் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறார். பெரும்பாலும் பறப்பதும் இல்லை, கைப்பிடிக் கம்பிகளை மாறி மாறிப் பிடித்து ஊர்ந்துதான் போகிறார். விண்வெளி நடை என்ற பெயர்தான், உண்மையில் அது கையால் நகர்வது. புறப்படும்போது நிலையத்தை ஒரு பக்கம் தள்ளியவர், போய்ச் சேர்ந்து அடுத்த கம்பியைப் பிடிக்கும்போது அதே அளவு மறுபக்கம் தள்ளி நிறுத்திவிடுகிறார். கொடுத்த உந்தத்தை அவரே திருப்பி வாங்கிக்கொள்கிறார். நடுவில் சேர்ந்த சிறு கோணம் மட்டும் மிஞ்சும், அதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. கலம் சின்னதாக இருந்தபோது இதுவே தொல்லையாகத்தான் இருந்தது. 1965 ஜூன் 3 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் எட் வைற் ஜெமினி 4 கலத்துக்கு வெளியே மிதந்து, கயிற்றை இழுத்து இழுத்து நகர்ந்தபோது, உள்ளே இருந்த ஜேம்ஸ் மக்டிவிற் கலத்தை நேராக வைத்திருக்கப் படாத பாடு பட்டார். அந்தக் கலம் நாலு தொன்கூட இல்லை.

சரி, போவதும் வருவதும் சமமாகிவிட்டால் பிரச்சினை எங்கே இருக்கிறது? திரும்பி வராமல் போகிற பொருளில் இருக்கிறது.

விண்ணுடைக்குள் இருப்பவரின் உடம்புச் சூடு வெளியேற வேண்டும். வெற்றிடத்தில் காற்றும் இல்லை, விசிறியும் இல்லை. அதனால் உடைக்குள் சில லீற்றர் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அது நுண்துளைகள் உள்ள ஒரு உலோகத் தகட்டுக்கு வந்து உறைந்து, பனிக்கட்டியாகி, அந்தக் கட்டியிலிருந்து நேராக ஆவியாகி வெளியே போகிறது. போகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. நம் மண்பானை குளிர்கிற அதே வித்தை, கொஞ்சம் முரட்டுத்தனமாக. ஆனால் வெளியே பாய்கிற ஆவி ஒரு குட்டி றொக்கெற். அது ஒரு பக்கம் போனால் ஆள் மறுபக்கம் தள்ளப்படுகிறார். ஆள் கம்பியைப் பிடித்திருப்பதால் நிலையமும் தள்ளப்படுகிறது.

எவ்வளவு விசை? ஆறரை மணி நேரத்தில் மூன்று நாலு கிலோ தண்ணீர், செக்கனுக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில் போகிற ஆவி என்று வைத்து மனக்கணக்குப் போட்டேன். கையில் ஒரு ஏ4 தாளை வைத்தால் உணர்கிற பாரம் வந்தது. இதுவா 420 தொன்னை அசைக்கப் போகிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உதை ஒரு கணத்தோடு முடிந்துவிடும், தாளின் பாரம் மணிக்கணக்காக நிற்கும். 30 மீற்றர் தள்ளி, ஒரே பக்கமாக, ஆறரை மணி நேரமும் தள்ளிக்கொண்டே இருந்தால் சேர்கிற கோண உந்தம் 30,000 அலகைத் தாண்டும். சற்று முன் பார்த்த பெரிய உதையைப் போலப் பத்து மடங்குக்கு மேல், அதுவும் திருப்பித் தர ஆளில்லாமல். நடைமுறையில் வேலை செய்பவர் அங்கும் இங்கும் திரும்புவதால் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும். மிச்சம் சேரும்.

ஆட்கள் வெளியே போகிற வாசலான காற்றறையும் அப்படித்தான். வெளிக்கதவைத் திறப்பதற்கு முன் உள்ளே இருக்கிற காற்றை அகற்ற வேண்டும். குவெஸ்ற் என்ற காற்றறையில் பெரும்பங்கைப் பம்பு வைத்து நிலையத்துக்குள்ளேயே இழுத்துவிடுகிறார்கள். கடைசி மிச்சம் வெளியே விடப்படுகிறது. இப்படி வாயு வெளியேறும் குழாய்களின் வாயை இரண்டு பக்கமும் திறந்த மாதிரி அமைப்பது பொறியியலாளர்களின் பழைய தந்திரம். இந்தப் பக்கம் போவதும் அந்தப் பக்கம் போவதும் சமமானால் தள்ளல் இல்லை. சமம் என்பது எப்போதும் கிட்டத்தட்டச் சமம்தான்.

இப்படிச் சேர்கிற திருப்பத்தை யார் வாங்கிக்கொள்வது? நாலு இரும்புச் சில்லுகள்.

ஒரு சைக்கிள் கடையில் கழற்றி வைத்த முன்சில்லைக் கேட்டு வாங்குங்கள். அச்சின் இரு முனையையும் இரு கையால் பிடித்து, யாரையாவது கொண்டு வேகமாகச் சுற்றிவிடுங்கள். பிறகு சில்லைச் சரித்துப் பாருங்கள். நீங்கள் நினைத்த பக்கம் அது போகாது. முறுக்கிக்கொண்டு வேறு பக்கம் கையை இழுக்கும், பிடித்திருக்கிற உங்களுக்கு ஏதோ உயிருள்ள பிராணி மாதிரித் தெரியும். சுழல்கிற நாற்காலியில் இருந்துகொண்டு இதைச் செய்தால், நாற்காலியோடு நீங்களே திரும்புவீர்கள். நிலத்தில் கால் படாமல், எதையும் பிடிக்காமல், உங்களால் திரும்ப முடிகிறது.

நிலையத்தில் இருப்பதும் இதுதான், சில்லு மட்டும் கொஞ்சம் பெரியது. ஒவ்வொன்றும் 98 கிலோ, நிமிடத்துக்கு 6,600 தடவை சுற்றுகிறது. 2000 ஒக்ரோபரில் சட்டகத்தின் ஒரு பகுதியோடு இவை மேலே போயின. சுற்றும் வேகம் மாறுவதில்லை. மோட்டார்கள் அச்சைச் சரிக்கின்றன, சரிகிறபோது நிலையத்துக்குத் திருப்பம் கிடைக்கிறது. ஓடுவது வெயிலில் கிடைக்கிற மின்சாரத்தில். எரிபொருள் ஒரு துளியும் செலவில்லை. இவற்றை ஜைரோ என்றே சொல்லிக்கொள்வோம்.

ஆனால் ஜைரோ திருப்பத்தை அழிப்பதில்லை. வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு சில்லும் வைத்திருக்கக்கூடியது 4,760 அலகு. நாலும் சேர்ந்தால் ஏறத்தாழ 19,000. ஒரே பக்கமாகத் தள்ளல் வந்துகொண்டே இருந்தால், நாலு அச்சுகளும் மெல்ல மெல்ல ஒரே திசைக்குச் சாய்ந்து, கடைசியில் எல்லாம் ஒரு பக்கம் பார்த்து நின்றுவிடும். அதற்கு மேல் சரிக்க இடமில்லை. தொட்டி நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு துளியும் நிலையத்தைத்தான் திருப்பும். என் தாள் கணக்கின் 30,000 ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று இப்போது தெரியும்.

தொட்டியை வெறுமையாக்க இரண்டு வழிகள். முதலாவது, வல்வெட்டித்துறைப் பட்டக்காரர்களுக்கு நன்றாக விளங்கும். பொங்கலன்று ஏற்றுகிற பெரிய பட்டத்தை மேலே நிற்க வைப்பது, பட்டத்தை நூலோடு பூட்டுகிற முச்சையில் இருக்கிறது. முச்சையை ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டுவதா இறக்கிக் கட்டுவதா என்பதைப் பொறுத்து, காற்றின் தள்ளலும் நூலின் இழுப்பும் சமப்படுகிற சாய்வைப் பட்டம் தானாகத் தேடிக்கொள்ளும். விண்வெளி நிலையத்துக்கும் காற்று இருக்கிறது. 400 கிலோமீற்றர் உயரத்திலும் மெல்லிய வளி மிச்சமிருந்து உரசுகிறது. பூமிக்குக் கிட்ட இருக்கிற பகுதியை ஈர்ப்புச் சற்று அதிகமாக இழுப்பதால் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழிக்கிற ஒரு சிறு சாய்வில்தான் நிலையம் பறக்கிறது, முற்றாக நேராக நின்றபடி இல்லை. ஜைரோக்களில் கொஞ்சம் சேர்ந்தால், அந்தச் சாய்வைக் கணினி இம்மியளவு மாற்றும். காற்றும் ஈர்ப்பும் அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். இதில் கைதேர்ந்தவர்கள் 2007 மார்ச் 3 அன்று ஒரு துளி எரிபொருளும் எரிக்காமல் நிலையத்தை 180 பாகை திருப்பிக் காட்டினார்கள். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது. வழக்கமான முறையில் செய்திருந்தால் 50 கிலோ எரிபொருள் போயிருக்கும்.

இரண்டாவது வழி முரட்டு வழி. திரஸ்டர் என்கிற சிறு உந்துபொறிகளை எரித்து நிலையத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளியில் ஜைரோக்களின் அச்சைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. இவை ருசியப் பகுதியிலும், வந்து இணைந்திருக்கிற புறோகிறஸ் சரக்குக் கலங்களிலும் இருக்கின்றன.

சிக்கல் முழுவதும் இங்கேதான் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. திரஸ்டர்கள் எரிப்பது ஐதரசீன் வகை எரிபொருளையும் நைதரசன் நாலொட்சைட்டையும். இரண்டும் கொடிய நஞ்சு. புகை பட்டு உடையில் ஒட்டிக்கொண்டால், அதை உள்ளே கொண்டுவருவது நிலையத்தின் காற்றுக்கே ஆபத்து. பக்கத்தில் நிற்கிறவருக்குச் சுவாலையும் வேண்டாம் என்று சொல்லவா வேண்டும். ஆகவே ஆட்கள் திரஸ்டர் பக்கம் போகிறபோது அவற்றை நிறுத்திவிடுகிறார்கள். தொட்டி வழக்கத்தைவிட வேகமாக நிறைகிற நேரமும், அதை வெறுமையாக்குகிற பெரிய குழாயை மூடி வைக்கிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

2004இல் இது புத்தகப் பிரச்சினையாக இல்லை. நாலு ஜைரோவில் ஒன்று 2002 ஜூனிலேயே செத்துவிட்டது. 2004 ஏப்ரலில் இன்னொன்றுக்கு மின்சாரம் நின்றது. சில்லில் பழுதில்லை, மின்சாரத்தை விடுகிற பெட்டி பழுது. நம் வீட்டு ட்றிப் சுவிச்சுக்குப் பெரியண்ணன் என்று வையுங்கள். மிஞ்சியது இரண்டு, குறைந்தது இரண்டு இருந்தால்தான் நிலையத்தை ஜைரோவால் பிடிக்க முடியும். அப்போது மேலே இருந்தது இரண்டே பேர், கெனடி பதல்காவும் மைக் பிங்கும். ஜூன் 24 அன்று வெளியே போனார்கள். பிங்கின் உடையில் ஒட்சிசன் அளவுக்கு மீறிக் குறைந்ததால் கால் மணி நேரத்துக்குள் திரும்பி வந்தார்கள். ஜூன் 30 அன்று மறுபடி போய்ப் பெட்டியை மாற்றினார்கள். இரண்டு ஜைரோவோடு தொங்கிக்கொண்டிருக்கிற நிலையத்தில், மூன்றாவதை உயிர்ப்பிக்க, ஜைரோக்களுக்கே சுமை ஏற்றுகிற ஒரு வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. கூரைக்கு ஏறி ஓடு மாற்றுகிறவர் ஓட்டை மிதித்துக்கொண்டே மாற்றுவது மாதிரி.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அவர்கள் நிலையத்தின் பின்பக்கம், திரஸ்டர்களுக்குக் கிட்ட வேலை செய்தபோது தொட்டி நிறையத் தொடங்கியது. திரஸ்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. நிலையத்தைச் சிறிது நேரம் அதன்பாட்டில் மிதக்க விட்டு, ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு வரச் சொல்லித்தான் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றார்கள். மணிக்கணக்கான வேலைத்திட்டத்தில் இப்படி ஒரு காத்திருப்பு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

செத்துப்போன ஜைரோவை 2005 ஓகஸ்ட்டில் சொய்ச்சி நொகுச்சியும் ஸ்ரீபன் றொபின்சனும் மாற்றினார்கள். 2007 ஓகஸ்ட்டில் இன்னொன்று மாற்றப்பட்டது. மாற்றுகிற பெட்டி ஒவ்வொன்றும் 270 கிலோவுக்குக் குறையாது. பாரமில்லாத இடம்தான், ஆனால் திணிவு இருக்கிறது. அதைத் தள்ளவும் நிறுத்தவும் வேண்டும், தள்ளுகிறவரின் கால் நிலையத்தில் பூட்டியிருக்கிறது. 17 மீற்றருக்கு மேல் நீளமான இயந்திரக் கையின் நுனியில் ஆளை நிறுத்தி நகர்த்துகிறபோதும் இதே கணக்குத்தான். கையை ஆமை வேகத்தில் ஆட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொல்லி முடிய மருமகன் கேட்டது ஒன்றுதான். "அப்ப ஆரும் ஒரு சாமானைக் கைவிட்டா?"

கைவிட்டிருக்கிறார்கள். 2008 நவம்பர் 18 அன்று விண்வெளி வீராங்கனை ஹைடெமரி ஸ்ரெபனிஷின்-பைப்பர் பைக்குள் கசிந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டாமல் இருந்த கருவிப் பை மெல்ல மிதந்து போய்விட்டது. அதுவும் தன் பங்கு உந்தத்தை எடுத்துக்கொண்டு, திரும்பித் தராமல்தான் போனது. கணக்கில் அது ஒன்றுமே இல்லை, ஜைரோக்கள் கவனித்திருக்கவும் மாட்டா. பை சில மாதங்கள் தனியாகப் பூமியைச் சுற்றி, 2009 ஓகஸ்ட்டில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது.

என் செருப்பு எங்கே போனதென்று தெரியாது. மற்றது இன்னும் வாசலில் கிடக்கிறது.